எம்.எஸ். சந்தேகமா? மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை இந்த வரிசையில் படியுங்கள்

ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இன்னும் சில நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பலர் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இணையத்தில் தேடித் தேடித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். அதைத் திறக்கவே வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சரி, படிப்பதுதான் படிக்கிறீர்கள், ஒரு வரிசையில் படியுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று: படத்தில் தெரியும் பாதிப்புப் புள்ளிகள் எத்தனை என்று எண்ண உட்காராதீர்கள். எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை சிதையும் நோய். அதன் விஷயத்தில், புள்ளி எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்ற இரண்டும் எண்ணிக்கையைவிட அதிகம் பேசும்.

படி 1: தலைப்பகுதியைப் பாருங்கள்

பெயர், வயது எல்லாம் சரியா என்று பார்த்த கையோடு, எதற்காக ஸ்கேன் எடுத்தார்கள் என்று சொல்லும் ‘கிளினிக்கல் ஹிஸ்டரி’ வரியைப் படியுங்கள். அங்கே ‘தலைவலி’ என்று மட்டும் இருந்தால், படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட்டுக்கு உங்கள் கண் மங்கியதும் கால் மரத்ததும் தெரிந்திருக்காது. அதே படத்துக்கு அவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். அடுத்து, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்ததா, பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி எப்போது வந்தது என்று நான்காம் படியில் பார்க்க இவை இரண்டும் தேவைப்படும்.

படி 2: டி1, டி2, ஃபிளேர்

இவை ஒரே மூளையை மூன்று விதமாக எடுத்த படங்கள். டி2 படத்தில் மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகத் தெரியும். பாதிப்புள்ள இடமும் வெள்ளைதான், அதனால் நீரை ஒட்டிய புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும். ஃபிளேர் படத்தில் அந்த நீரைக் கறுப்பாக்கிவிடுவார்கள். புள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். மூளைக்குள் உள்ள எம்.எஸ். புள்ளிகளை முதலில் தேடுவது பெரும்பாலும் ஃபிளேரில்தான். ஆனால் மூளைத்தண்டு, சிறுமூளைப் பகுதியில் டி2 படமே மேல்.

‘ஹைப்பர்இன்டென்ஸ்’ என்றால் சுற்றியுள்ள இடத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அது நோயின் பெயர் கிடையாது. டி1 படத்தில் நிரந்தரமாகக் கறுத்துத் தெரியும் இடங்களை ‘பிளாக் ஹோல்’ என்பார்கள்; அங்கே திசு அதிகமாகச் சேதமாகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

படத்தை நீங்களே பார்ப்பதானால் இன்னொன்று: படத்தின் இடப்பக்கம் வழக்கமாக உங்கள் உடலின் வலப்பக்கம்.

படி 3: இடத்தைப் பாருங்கள்

ரிப்போர்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இங்கே நிதானமாக இருங்கள். எம்.எஸ். நோயைக் கண்டறிய உலகெங்கும் பின்பற்றப்படுவது மெக்டொனால்ட் அளவுகோல். 2001இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. அதன் 2017 வடிவம் நான்கு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது.

‘பெரிவென்ட்ரிகுலர்’ என்றால் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளை ஒட்டிய இடம். ‘கார்டிகல்’ அல்லது ‘ஜக்ஸ்டாகார்டிகல்’ என்றால் மூளையின் வெளிப்பட்டையிலோ அதைத் தொட்டுக்கொண்டோ. ‘இன்ஃப்ராடென்டோரியல்’ என்றால் கீழே, மூளைத்தண்டும் சிறுமூளையும். நான்காவது தண்டுவடம். இந்த நான்கில் குறைந்தது இரண்டில் எம்.எஸ்.ஸுக்கு உரிய புள்ளி இருந்தால், நோய் ஒரே இடத்தோடு நிற்கவில்லை, பரவியிருக்கிறது என்று கொள்வார்கள். 2024 திருத்தத்தில் கண் நரம்பும் ஐந்தாவது இடமாகச் சேர்ந்துவிட்டது.

இதில் தொடுவது என்பது முக்கியம். நீர் அறையையோ வெளிப்பட்டையையோ தொடாமல் நடு வெண்பொருளில் சிதறிக் கிடக்கும் சின்னப் புள்ளிகள் இந்தக் கணக்கில் வராது. ரிப்போர்ட்டில் அவை ‘சப்கார்டிகல்’, ‘டீப் வைட் மேட்டர்’ என்று இருக்கும். பத்துப் பதினைந்து என்று இருந்தாலும் இதே கதைதான். எண்ண வேண்டாம் என்று முதலில் சொன்னதன் காரணம் இதுவே.

வடிவமும் அளவும் துணைக்கு வரும். எம்.எஸ். புள்ளி பெரும்பாலும் நீள்வட்டமாக, நீளவாக்கில் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்கும். நீர் அறையிலிருந்து செங்குத்தாக நீளும் புள்ளிகளுக்கு ‘டாசன்ஸ் ஃபிங்கர்ஸ்’ என்று பெயர். சிறு சிரைகளை, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய்களை, சுற்றி அழற்சி பரவுவதால்தான் அந்த விரல் வடிவம் வருகிறது. இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் ‘கார்பஸ் கலோசம்’ பகுதியில் புள்ளி என்று எழுதியிருந்தாலும் மருத்துவர் அதைக் கவனமாகப் பார்ப்பார்.

மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் அறிகுறி இருக்கிறது என்றால்? தண்டுவட எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

படி 4: காலத்தைப் பாருங்கள்

கான்ட்ராஸ்ட் ஊசியில் கேடோலினியம் என்ற பொருள் இருக்கும். புதிதாக அழற்சி வந்த இடத்தில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசிவதால், இந்தப் பொருள் உள்ளே இறங்கி அந்தப் புள்ளி ஒளிரும். ரிப்போர்ட்டில் ‘என்ஹான்ஸிங்’ என்று வருவது இதுதான். இந்த ஒளிர்வு பொதுவாகச் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆகவே ஒரே ஸ்கேனில் சில புள்ளிகள் ஒளிர்ந்து, மற்றவை ஒளிராமல் இருந்தால், அவை வெவ்வேறு காலத்தில் வந்தவை என்று ஊகிக்கலாம்.

‘நோ என்ஹான்ஸ்மென்ட்’ என்று பார்த்தவுடன் நிம்மதிப் பெருமூச்சு விடவும் அவசரப்படாதீர்கள். இப்போதைக்குப் புது அழற்சி தெரியவில்லை என்பது மட்டுமே அதன் செய்தி. ஸ்கேனுக்கு முன் ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் ஒளிர்வு அடங்கிப்போயிருக்கலாம். புள்ளிகள் வெவ்வேறு காலத்தில் வந்தவை என்று நிறுவப் படம் போதாதபோது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர்ப் பரிசோதனை கைகொடுக்கும். அதில் ‘ஆலிகோகுளோனல் பேண்ட்ஸ்’ எனப்படும் எதிர்ப்புப் புரதக் கீற்றுகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

படி 5: முடிவுரையின் நடையைப் புரிந்துகொள்ளுங்கள்

கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று நாலைந்து வரி இருக்கும். ரேடியாலஜிஸ்ட்டுகள் அதை அளந்து அளந்து எழுதுவார்கள். ‘நான்ஸ்பெசிஃபிக்’ என்றால் இந்தப் புள்ளி பல காரணங்களால் வரலாம், படத்தை வைத்து ஒன்றைச் சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், வயது என எதனாலும் இப்படிப் புள்ளிகள் வரும். ‘ஸ்மால் வெசல் சேஞ்சஸ்’ என்பது அந்தச் சிறு ரத்தக்குழாய் மாற்றங்களைத்தான். ‘டிமைலினேஷன்’ என்றால் நரம்பின் மையலின் உறை சிதைந்தது போலத் தோற்றம், எம்.எஸ். அதற்கு ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. எம்.எஸ். போலவே தோன்றக்கூடிய என்.எம்.ஓ., மோக் என்ற வேறு நரம்பு நோய்களும் அந்த வரிசையில் உண்டு. அவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் வேறு. தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேல் புள்ளி நீண்டிருந்தால் மருத்துவரின் சந்தேகம் முதலில் அந்தப் பக்கம் போகும்.

படத்தை நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பாருங்கள் என்று சொல்லும் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்ற வரியைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் நழுவிவிட்டார் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அது நேர்மையான வரியாகவே படுகிறது. மெக்டொனால்ட் அளவுகோலே எம்.எஸ்.ஸுக்கு உரிய அறிகுறி உள்ளவர்களுக்காக உருவானது. வெறும் தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் அதை அப்படியே பொருத்தினால் தவறான நோய்ப்பெயர்தான் மிஞ்சும்.

அப்புறம், சைனஸ் வீக்கம், சிறிய நீர்க்கட்டி என்று சில வரிகள் இருக்கலாம். பெரும்பாலும் அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

படி 6: மருத்துவரிடம் போகும்போது

ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சி.டி.யையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். நரம்பியல் மருத்துவர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். அறிகுறிகள் எப்போது தொடங்கின, எத்தனை நாள் நீடித்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்க வேண்டியவை: என் புள்ளிகள் எம்.எஸ். கணக்கில் வரும் இடங்களில் (படி 3) எத்தனையில் இருக்கின்றன? என் அறிகுறிக்குக் காரணமான புள்ளி படத்தில் தெரிகிறதா? வேறு எந்த நோய்களை விலக்கியாயிற்று? அடுத்த ஸ்கேன் எப்போது?

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். 1.5 டெஸ்லாவில் எடுத்துவிட்டு 3 டெஸ்லாவுக்கு மாறினால் (டெஸ்லா என்பது இயந்திரத்தின் காந்த வலிமையின் அளவு), முன்பே இருந்த புள்ளிகூடப் புதிதாக முளைத்தது போலத் தெரியலாம்.

இதற்கிடையில் திடீரெனப் பார்வை மங்கினாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அப்பாயின்ட்மென்ட் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.