சலான் வந்தால் முதலில் படத்தைப் பாருங்கள், பணம் பிறகு

வண்டிக்கு சலான், அதாவது போக்குவரத்து விதிமீறலுக்கான ஃபைன் நோட்டீஸ், விழுந்திருப்பதாக போனுக்கு மெசேஜ் வந்தால், அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) மோசடியேதான். இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓடிபி மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து தேடுங்கள். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 எழுத்துகளைக் கேட்கும், அவை ஆர்.சி.யில் இருக்கின்றன. ஆர்.சி. பதிவில் பழைய செல் நம்பர் இருந்தால் மெசேஜே வராது. அதனால் மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேமரா போட்ட சலான் என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேட்டில் சேறு அப்பியிருந்தாலோ எழுத்து ஃபேன்சியாக இருந்தாலோ 3-ஐ 8 என்றும் பி-யை 8 என்றும் கேமரா படித்துவிடும். உங்களுடையது கறுப்பு ஸ்கூட்டர், படத்தில் சிவப்பு பைக் என்றால் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். நம்பர் பிளேட், இடம், தேதி, நேரம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அது அனுப்பப்பட வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ.

தவறான சலானுக்குப் பணம் கட்டாதீர்கள், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படங்களையும் ஆர்.சி.யையும் இணைத்து அதே தளத்தில் புகார் பதியுங்கள்.

தப்பு உங்களுடையதுதான் என்றால் கட்டிவிடுங்கள். 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. ஓட்டும்போது செல்போன் பேசினால் முதல்முறை 1,000, மறுபடி மாட்டினால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சென்னை டிராஃபிக் போலீஸ் 2018-லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டது; ரோட்டில் யாரிடமும் காசாகக் கொடுக்காதீர்கள்.

வண்டியை விற்றவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். பெயர் மாறும்வரை சலான் பழைய ஓனருக்கே வரும். விற்ற 14 நாளுக்குள் ஃபார்ம் 29-ஐ ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, அத்தாட்சியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அக்கவுண்ட்டில் பணம் போயும் 'பெண்டிங்' என்றே காட்டினால் இரண்டாம் முறை கட்ட வேண்டாம். சலான் எண்ணைப் போட்டு அதே தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபாருங்கள். ரசீது வந்ததும் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.