ஒரே அகலம்

மட்டக்களப்பில் ஒரு நெல் ஆலையின் கணக்கை வெறும் உரைக்கோப்பில் எழுதிவரும் நான், யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் கடைசியாக உள்ள, நாள், பற்று, வரவு, ரூபாய் போன்றவற்றுக்கான 8 குறிகளை (௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺), எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்ட ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்ற எழுத்துருவில் சேர்க்க விரும்பினேன். இவை தனித்து நிற்பவை. 'கோ' போல எழுத்துகள் இடம்மாறிக் கோக்கப்பட வேண்டியதில்லை என்பதால் வேலை இலகுவாகவே தோன்றியது.

எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபொன்ட்ஃபோர்ஜில் வரைந்து, குடும்பப் பெயரை மாற்றி, லினக்ஸில் நிறுவினேன். எழுத்துரு எல்லா இடங்களிலும் தெரிந்தது. ஒரே அகல எழுத்துருக்களை மட்டுமே காட்டும் டெர்மினலின் (கட்டளைச் சாளரத்தின்) தெரிவுப் பட்டியலில் மட்டும் இல்லை. எழுத்துருத் தேக்ககத்தை அழித்துப் புதுப்பித்தேன். எழுத்துருவின் வகையை அறிவிக்கும் 'பனோஸ்' விவரத்தில் ஒரே அகலம் என்று குறித்தேன். பெயரை இன்னொரு முறை மாற்றினேன். இப்படியே மூன்று நாட்கள் வீணாகின.

நான்காம் நாள் எழுத்துருவின் விவரங்களைக் காட்டும் எஃப்சி-குவெரி கட்டளையில் பார்த்தபோது, ஒரே அகலத்தைக் குறிக்கும் 100 என்ற இடைவெளி மதிப்பைக் காட்ட வேண்டிய வரியே வரவில்லை. லினக்ஸில் எழுத்துருக்களைக் கண்டறிந்து தரும் ஃபொன்ட்கொன்ஃபிக், பனோஸ் போன்ற அறிவிப்புகளை நம்பாமல் எழுத்துகளின் அகலங்களையே அளக்கிறது. மூல எழுத்துருவில் ஒவ்வொன்றும் 600 அலகு. கடைசியாக வரைந்த ௹ மட்டும் ஃபொன்ட்ஃபோர்ஜின் இயல்பான 1000இல் நின்றுவிட்டது. வரைகோடு 600க்குள் அடங்கியிருந்ததால் கண்ணுக்குப் பிழை தெரியவில்லை; வலப்பக்க எல்லைக்கோடு மட்டும் தள்ளி நின்றது. வேடிக்கை என்னவெனில், அது சரியாக இருமடங்காக, 1200 ஆக இருந்திருந்தால், இரட்டை அகல எழுத்துரு என்றாவது ஏற்கப்பட்டிருக்கும்.

அகலத்தை 600 ஆக்கி மீண்டும் உருவாக்கியதும் பட்டியலில் பெயர் வந்தது. பற்று, வரவு நிரல்களும் நேராக நின்றன.