ஷாக் மாற்றியும் தீராத குலுக்கல்

15 வருடப் பழைய எஸ்யூவி. வேகத்தடை தாண்டினால் பின்பக்கம் மூன்று தடவை ஆடித்தான் அடங்கும், ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு வேறு. விலை கூடினால் சொகுசும் கூடும் என்று நம்பி அதிக கேஸ் அழுத்தமுள்ள மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் போட்டேன். ஆட்டம் போனது, ஆனால் சின்னப் பள்ளம்கூட முதுகில் இடித்தது. டயர் காற்றைக் குறைத்தும் பலனில்லை. அப்புறம் வண்டியோடு வந்த அதே வகை ட்வின்ட்யூப் (இரட்டைக் குழாய்) ஷாக் மாட்டினேன். பாதிதான் சரியானது. நான்கு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு கீழே படுத்துப் பார்த்தால், ஷாக்கின் அடி போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் (வளையம்) முறுக்கிக்கொண்டு நிற்கிறது: ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறேன். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது திரும்ப இறுக்கினேன். அப்பாடா, அன்றே குலுக்கல் நின்றது.