கிலவேயா எரிமலையை வீட்டிலிருந்தே பின்தொடர்வது எப்படி?

ஹவாய் பெருந்தீவில் இருக்கும் கிலவேயா எரிமலை, 2024 டிசம்பர் 23 அன்று அதிகாலை 2.20 மணிக்கு மறுபடியும் வெடித்தது. அப்போது நமக்கு மாலை 5.50. ஆனால் அது ஒரே மூச்சாக எரியவில்லை. சில மணி நேரம் நெருப்பு ஊற்றாகப் பீறிட்டது, அப்புறம் நின்றது, சில நாள் ஓய்ந்தது, திரும்பவும் பீறிட்டது. ஒவ்வொரு பீறிடலுக்கும் ஆய்வாளர்கள் ‘எபிசோட்’ என்று எண் கொடுத்தார்கள். 2025 டிசம்பர் 6 அன்று நடந்தது 38-ஆவது. அதாவது ஒரு வருடம் முடிவதற்குள் 38 முறை.

எரிமலையைக் கவனிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இந்த வெடிப்பைவிட நல்ல பாடம் கிடைக்காது. கருவிகளின் அளவீடுகள், கேமரா, தினசரி அறிக்கை எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டியது ஒரு போனும் ஒரு நோட்டும்தான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் நெருப்பு தெரியும்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எரிமலை அடுத்ததற்குத் தயாராவது ஓய்ந்திருக்கும் நாட்களில்தான். அந்த நாட்களைப் படிக்கப் பழகினால், அடுத்த எபிசோட் நெருங்குவதை நீங்களே உணர முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஹவாய் நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு 15 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கிறது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் அங்கே இல்லை, அதனால் இந்தக் கணக்கு வருடம் முழுக்க மாறாது. அங்கே திங்கள் காலை 8 மணி என்றால் இங்கே திங்கள் இரவு 11.30. அங்கே திங்கள் நண்பகல் என்றால் இங்கே செவ்வாய் அதிகாலை 3.30. இந்தத் தேதி மாற்றம்தான் சிக்கல். முதல் மாதம் என் நோட்டில் பாதிக் குறிப்புகள் ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தன, எல்லாவற்றையும் அடித்துத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. போனின் உலகக் கடிகாரத்தில் ஹொனலுலுவைச் சேர்த்துவிட்டு, நோட்டில் ஹவாய் நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

படி 2: தினசரி அறிக்கையை முழுதாகப் படியுங்கள்

கிலவேயாவைக் கண்காணிப்பது ஹவாய் எரிமலை ஆய்வகம். தாமஸ் ஜாகர் 1912-ல் நிறுவியது, இப்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கீழ் இருக்கிறது. ஆய்வகத்தின் பெயரைத் தேடினாலே அன்றைய அறிக்கை கிடைத்துவிடும். ஹவாயில் காலையில் வெளியிடுகிறார்கள் என்பதால் நமக்கு நள்ளிரவு வாக்கில் வரும். மறுநாள் காலை காபியோடு படித்தால் போதும்.

அறிக்கையின் தலைப்பில் ஒரு நிறம் இருக்கும். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் வழக்கத்தைவிட அதிக அசைவு, ஆரஞ்சு என்றால் வெடிக்கலாம் அல்லது ஆபத்து குறைவான வெடிப்பு நடக்கிறது, சிவப்பு என்றால் பெரிய ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். வானளவுக்கு நெருப்பு பாய்கிறது, அறிக்கையோ ஆரஞ்சிலேயே இருக்கிறது! காரணம், நிறம் காட்டுவது காட்சியின் பிரமாண்டத்தை அல்ல, மனிதர்களுக்கும் விமானங்களுக்கும் உள்ள ஆபத்தை. எரிமலைக் குழம்பு முழுவதும் ஹலேமாஉமாஉ என்ற உச்சிக் குழிக்குள்ளேயே, தேசியப் பூங்காவின் மூடப்பட்ட பகுதியிலேயே விழுகிற வரை ஆரஞ்சு போதுமென்று முடிவெடுக்கிறார்கள்.

அறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடி எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, அடுத்த எபிசோட் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் வரலாம் என்ற கணிப்பு. இன்னொன்று, கந்தக டை ஆக்சைடு வாயுவின் அளவு. ஓய்வு நாட்களில் அது நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் டன்னாக இருக்கும். பீறிடும்போது பல பத்தாயிரம் டன்னாக ஏறிவிடும்.

படி 3: சாய்வு கிராஃபைப் படிக்கப் பழகுங்கள்

இதுதான் முக்கியமான படி. பொறுமையாகப் படியுங்கள்.

உச்சிக் குழியின் விளிம்பில் உவேகஹுனா என்ற இடத்தில் ஒரு சாய்வுமானி புதைக்கப்பட்டிருக்கிறது. நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை மைக்ரோரேடியன் என்ற அலகில் சொல்லும் கருவி. ஒரு மைக்ரோரேடியன் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியைத் தரையில் கிடத்தி, அதன் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கினால் வரும் சாய்வு அது.

உச்சிக்குக் கீழே மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறை, சேரச் சேர, பூரி உப்புவதுபோல நிலம் மெதுவாக உப்புகிறது. கிராஃபில் கோடு மேலே ஏறும். பீறிடல் தொடங்கியதும் உள்ளே இருந்த அழுத்தம் வெளியேறி நிலம் அமுங்கும், கோடு செங்குத்தாக விழும். நெருப்பு நின்ற கணத்திலேயே கோடு திரும்பி மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஒரு மாத கிராஃபைத் திறந்து பாருங்கள்: மெல்ல ஏற்றம், சரேலென்று இறக்கம், மெல்ல ஏற்றம், சரேலென்று இறக்கம். ரம்பத்தின் பற்கள் போலவே இருக்கும்.

இப்போது ஒரு பயிற்சி. போன எபிசோடில் கோடு 20 மைக்ரோரேடியன் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அது நாளுக்கு 2 வீதம் ஏறினால், இழந்ததை மீட்கப் பத்து நாள் ஆகும். பத்தாம் நாள் வாக்கில் கவனமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. உண்மையில் போகப்போக ஏற்றம் கொஞ்சம் மந்தமாகும், அதனால் நாள் தள்ளிப்போகலாம். இழந்தது முழுவதும் திரும்புவதற்கு முன்பே வெடித்ததும் உண்டு. ஆய்வகம் ஒரே தேதியைச் சொல்லாமல் ஒரு கால இடைவெளியைச் சொல்வது இதனால்தான்.

இரண்டு இடங்களில் ஏமாறாதீர்கள். எபிசோட் எதுவும் இல்லாமலே சில சமயம் கோடு சில மணி நேரம் இறங்கி, பிறகு தானாகவே வேகமாக ஏறிவிடும். இது கிலவேயாவில் அடிக்கடி நடப்பது, அடுத்த எபிசோடை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போடலாம். இன்னொன்று மழை. கனமழை பெய்தால் சாய்வுமானியின் கோடு தாறுமாறாக ஆடும். சந்தேகமாக இருந்தால் கேமராவில் மழை தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 4: கேமராவில் என்ன பார்ப்பது?

குழியைச் சுற்றி வைத்த கேமராக்களின் நேரலை இரவும் பகலும் யூடியூபில் ஓடுகிறது. குழியில் வடக்கு வாய், தெற்கு வாய் என இரண்டு வாய்கள் உண்டு. எது எது என்று முதலிலேயே அடையாளம் கண்டு, நோட்டில் ஒரு சின்னப் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

எபிசோட் திடீரென்று ஆரம்பிப்பதில்லை. முதலில் இரவில் வாய்க்குள் செந்நிற வெளிச்சம் தெரியும். அப்புறம் தெறிப்பு. அதன்பின் குழம்பு வாய்வரை ததும்பி, கொஞ்சம் வழிந்து, சட்டென்று உள்ளே வடிந்துவிடும். சில நிமிடங்களில் மறுபடி ததும்பும். பால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைத்தால் அடங்கி, கூட்டினால் மறுபடி எழுமே, அச்சு அசல் அதே அசைவு. வாயு உள்ளே தேங்குவதும் உடைத்துக்கொண்டு வெளியேறுவதும்தான் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம். இது பத்து இருபது தடவைகூட நடக்கும், ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஒவ்வொரு வழிதலும் முந்தியதைவிடக் கொஞ்சம் நீளமாகி, ஒரு தடவை வடியாமல் நின்று, மேலே எழ ஆரம்பிக்கும். பல எபிசோட்களில் அந்த ஊற்று 300 மீட்டரைத் தாண்டியிருக்கிறது.

முடிவும் கவனிக்க வேண்டியதே. பெரும்பாலும் அரை நாளுக்குள், சில நிமிட இடைவெளியில், குழாயை மூடியதுபோல நின்றுவிடும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே கிராஃபையும் திறந்து வைத்திருங்கள். நெருப்பு அடங்குவதும் கோடு திரும்புவதும் ஒரே சமயத்தில் நடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், கருவிக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு உங்களுக்கு மறக்கவே மறக்காது.

38-ஆவது எபிசோடில் தெற்கு வாயின் ஊற்று சாய்ந்து அடித்தது. மூன்றாம் எண் கேமராவின் மேல் எரியும் கற்கள் மழையாகக் கொட்டின. அழியும் வரைக்கும் அது படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பதிவு இணையத்தில் இருக்கிறது, பாருங்கள்.

படி 5: காற்றையும் மக்களையும் சேர்த்துக் குறியுங்கள்

இங்கே இருந்து பார்க்கும் நமக்கு அது அழகான காட்சி. அங்கே இருப்பவர்களுக்கு அது மூச்சில் கலக்கும் புகை. வழக்கமான வடகிழக்குக் காற்று வாயுவைத் தென்மேற்கே, பஹாலா ஊர்ப் பக்கம் தள்ளுகிறது. காற்று திசை மாறினால் நுரைக்கற்களும், ‘பெலேயின் கூந்தல்’ என்ற முடிபோன்ற கண்ணாடி இழைகளும் வேறு ஊர்களின் கூரைகளில் விழும், தோலையும் கண்ணையும் உறுத்தும். பெலே ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வம், ஹலேமாஉமாஉ அவளுடைய வீடு. 2018-ல் இதே எரிமலையின் கிழக்குச் சரிவில் நிலம் பிளந்து 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதனால் நோட்டில் காற்றின் திசைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

படி 6: நோட்டு

கட்டங்கள் இவ்வளவு போதும்: எபிசோட் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த வாய், சாய்வு எவ்வளவு இறங்கியது, காற்று. ஓய்வு நாட்களுக்கு ஒரே வரி: அன்றைய சாய்வு, இரவில் வெளிச்சம் இருந்ததா இல்லையா. உதாரணத்துக்கு, மூன்றாவது எபிசோட் 2024 டிசம்பர் 26-ல் தொடங்கி எட்டு நாளுக்கு மேல் நீடித்தது. பின்னால் வந்தவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்தன, ஆனால் உயரமாகப் பாய்ந்தன. வரிசையாக எழுதி வைத்தால்தான் இந்த மாற்றம் கண்ணில் படும், ஒற்றை வீடியோவில் தெரியாது. கிலவேயாவின் புஉ ஓஓ வெடிப்பும் 1983-ல் இப்படி விட்டுவிட்டுத்தான் தொடங்கியது. 40-க்கும் மேற்பட்ட எபிசோட்களுக்குப் பிறகு 1986-ல் இடைவிடாத ஒழுக்காக மாறி, 2018 வரை ஓடியது.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நோட்டில் ஏற்றாதீர்கள். தேதியும் கேமராவும் தெரிந்த படத்தை மட்டும் நம்புங்கள்.

கேமரா இல்லாத எரிமலைக்கு என்ன செய்வது?

நம் அந்தமானில் இருக்கும் பாரன் தீவு அப்படிப்பட்டது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கி.மீ. தொலைவு, ஆளில்லாத தீவு. அங்கே செயற்கைக்கோள்தான் கண். நாசாவின் தீப்புள்ளி வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கினால் வெப்பம் பதிவான நாட்களில் சிவப்புப் புள்ளி தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் சில நாளுக்கு ஒருமுறை வரும், மேகம் மறைத்தால் அந்த வாரம் ஒன்றும் கிடைக்காது. சாம்பல் மேகம் எழுந்தால் ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள எரிமலைச் சாம்பல் மையம் விமானங்களுக்கு எச்சரிக்கை விடும். கிலவேயாவில் இரண்டு மூன்று எபிசோட் பழகிய பிறகு பாரன் தீவுக்கு அதே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அங்கே பல கட்டங்கள் காலியாகவே கிடக்கும், பரவாயில்லை. படம் பார்த்த தேதியை மட்டும் தவறாமல் எழுதுங்கள். மேகம் மூடியிருந்தால் ‘மேகம்’ என்று எழுதுங்கள், ‘அமைதி’ என்று எழுதிவிடாதீர்கள்.