இரண்டு மலை, நடுவே சூரியன்: ஓவியம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்குப் போய் ‘இயற்கைக் காட்சி வரையுங்கள்’ என்று சொன்னாலும் பெரும்பாலான தாள்களில் ஒரே படம்தான் வரும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. தஞ்சாவூர் வயல்வெளியில் வளரும் பிள்ளை மலையையே பார்த்திருக்காது. ராமநாதபுரத்துப் பிள்ளை தினமும் பார்ப்பது பனையும் கருவேலமும். இருந்தும் தாளில் வருவது அந்த மலையும் தென்னையும்தான். பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது அநியாயம். யாரோ எப்போதோ கரும்பலகையில் போட்டுக் காட்டியதை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓவிய வகுப்பில் நடக்கும் தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. பார்ப்பதற்குப் பழக்கும் முன்பே வரைவதற்குப் பழக்கிவிடுகிறோம்.

பலகையைப் பார்த்து வரையச் சொல்வது

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஆசிரியர். பலகையில் ஒரு படத்தைப் போட்டு ‘இதைப் பார்த்துப் போடுங்க’ என்பது எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அப்படி வரையும் பிள்ளை மரத்தைக் கற்றுக்கொள்வதில்லை, மரத்துக்கான ஒரு குறியைக் கற்றுக்கொள்கிறது. எழுத்தைப் போல அதுவும் மனப்பாடமாகிவிடும். பிறகு எதிரே வேப்பமரம் நின்றாலும் கை அந்தக் குறியைத்தான் போடும்.

மாற்றுவழிக்குச் செலவு ஒன்றும் இல்லை. பள்ளி வளாகத்தில் இருக்கும் மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். பென்சிலை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் பேச மட்டும் விடுங்கள். தண்டு எந்த உயரத்தில் பிரிகிறது? பிரிந்த கிளை தாய்த்தண்டைவிட எவ்வளவு மெலிந்திருக்கிறது? அடிமரம் மண்ணுக்குள் நேராக இறங்குகிறதா, விரிந்து இறங்குகிறதா? இலைகளுக்கு நடுவே வானம் எங்கெங்கே தெரிகிறது? இதற்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளை பஞ்சுமிட்டாய் மாதிரியான மரத்தை அதன்பின் வரையாது.

இன்னும் இரண்டு பயிற்சிகளை நான் விடாமல் பரிந்துரைப்பேன். ஒன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. பிள்ளை தன் இடது கையை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பில் கண்ணை எறும்பின் வேகத்தில் நகர்த்த வேண்டும். கண் போகும் வேகத்திலேயே பென்சிலும் போக வேண்டும். வரும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், வகுப்பே சிரிக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நகத்தின் வளைவும் விரல்மூட்டுச் சுருக்கமும் அந்தக் கோணல் படத்தில் இருக்கும். வழக்கமாக வரையும் ‘அழகான’ கையில் அவை இருக்காது. இரண்டாவது பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கு இடையில் தெரியும் காலி இடங்களை மட்டும் வரையச் சொல்லுங்கள். காலி இடத்துக்குப் பெயரும் கிடையாது, மனப்பாடக் குறியும் கிடையாது. அதனால் பிள்ளை வேறு வழியின்றி உற்றுப் பார்க்கும். வரைந்து முடித்தால் நாற்காலி தானாக வந்திருக்கும்.

அடிப்படைக் கூறுகளை வரையறையாகச் சொல்வது

கோடு, வடிவம், உருவம், வண்ணம், ஒளி-நிழல், மேற்பரப்பின் தன்மை, வெளி. இந்த ஏழையும் நோட்டில் எழுதவைத்துத் தேர்வில் கேட்டால் மதிப்பெண் வரும், கண் திறக்காது. நம் வீட்டு வாசலிலேயே பாடம் கிடக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப்போகிறது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் விட்ட இடமும் கோலத்தின் பகுதிதான், அந்த இடைவெளி பிசகினால் கோலமே பிசகும். சமச்சீர், திரும்பத் திரும்ப வரும் லயம், வெளி, கோட்டின் சீரான கனம் எல்லாவற்றையும் ஒரு கோலத்தை வைத்தே பேசிவிடலாம். வீட்டில் கோலம் போடுபவர் யாராக இருந்தாலும், அவரிடம் கேட்டு வரச் சொன்னால் பாடம் இன்னும் நன்றாக ஏறும்.

கோட்டின் திசைக்கு ஒரு குணம் உண்டு என்பதைச் சென்னைப் பிள்ளைகளுக்கு மெரினாவிலேயே காட்டலாம். அங்கே உழைப்பாளர் சிலையும் இருக்கிறது, காந்தி சிலையும் இருக்கிறது. இரண்டையும் செய்தவர் ஒருவரே: சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக 1929 முதல் 1957 வரை இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. உழைப்பாளர் சிலையில் நான்கு பேரின் உடல்களும் பாறையை நகர்த்தும் முயற்சியில் சாய்ந்து முறுகியிருக்கின்றன. அந்தச் சாய்கோடுகளை மட்டும் பத்துக் கோட்டில் வரையச் சொல்லுங்கள். பிறகு, கோலூன்றி நடக்கும் காந்தியையும் அதேபோலப் பத்துக் கோட்டில் வரையச் சொல்லுங்கள். சாய்கோடு எவ்வளவு விசையைத் தருகிறது, நிமிர்ந்த கோடு எப்படி உறுதியைத் தருகிறது என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. வெளியூர் என்றால் ஓவியர் கே.எம்.ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களின் அச்சுப் படிகளைக் காட்டலாம். ஒரே மனிதரை ஒருவர் எத்தனை விதமான கோடுகளில் பார்த்திருக்கிறார் என்பது பிள்ளைகளை அசத்தும்.

மேற்பரப்பின் தன்மையைக் கற்றுக்கொடுக்கத் தாளும் கிரயானும் போதும். பனையோலைப் பாய், அரச இலை, சுவர், நாணயம் ஆகியவற்றின்மேல் தாளை வைத்துத் தேய்க்கட்டும்.

அவுட்லைனே ஓவியம் என்று நினைக்க வைப்பது

நம் பள்ளிகளில் ஒளி-நிழலுக்குத்தான் மிகக் குறைவான கவனம் கிடைக்கிறது. அழுத்தமாக ஒரு வரம்புக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பினால் படம் முடிந்தது என்ற பழக்கம் ஊறிப்போய்விட்டது. கண்முன் இருக்கும் பொருளைச் சுற்றிக் கறுப்புக் கோடு எதுவும் கிடையாது. ஒரு பரப்பின் வெளிச்சம் முடியும் இடத்தில் இன்னொன்றின் இருட்டு தொடங்குகிறது, அவ்வளவே.

இதற்குச் சத்துணவில் வரும் முட்டையைவிட நல்ல மாதிரி கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டையை வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் நிழல் செத்துவிடும், பாடமும் சேர்ந்து சாகும். பிள்ளைகள் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கட்டும். விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரிந்து நிற்கும். மிகவும் பளிச்சென்ற இடம், நடுத்தரமான இடம், இருண்ட பட்டை ஆகியவை முதலில் தெரியும். அந்தப் பட்டைக்கும் கீழே, தாளிலிருந்து எதிரொளித்து வரும் மெல்லிய வெளிச்சம் இருக்கும். கடைசியாகத் தாளில் விழும் நிழல், முட்டை தாளைத் தொடும் இடத்தில் மிக அடர்த்தியாக இருக்கும். எதிரொளியைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு, விரலால் தேய்த்து ஷேடிங் செய்வது. விரலின் எண்ணெயும் வியர்வையும் தாளில் ஏறித் திட்டுத்திட்டாகிவிடும், ரப்பருக்கும் அசையாது. ஒரே எச்.பி. பென்சிலில் எல்லாவற்றையும் செய்யச் சொல்வதும் அப்படித்தான். அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் 4பி பென்சில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து, முட்டைக்கு முன்னதாக வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்து கட்டங்களில் படிப்படியாக அடர்த்தியை ஏற்றப் பழக்குங்கள்.

வண்ணத்துக்கு விதி போடுவது

இலை பச்சை, வானம் நீலம், நிழல் கறுப்பு, தோல் ‘ஸ்கின் கலர்’. இந்த நான்கில் கடைசியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கிரயான் டப்பாவில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும், அதைத்தான் எல்லோரும் ‘ஸ்கின் கலர்’ என்கிறார்கள். மாநிறமும் கறுப்புமான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், தங்கள் அம்மாவின் முகத்துக்கு அந்த நிறத்தைத்தான் பூசுகிறார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ‘தோல்’ என்று பெயரிட்டிருந்த குச்சியின் பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. ஆசிரியர் அந்தப் பெயரை வகுப்பில் உச்சரிக்காமல் இருக்கலாம். அதைவிட மேலான வழி ஒன்றும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கையும் கொடுத்து, அவரவர் கையின் நிறத்தைக் கலந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த ஆரஞ்சில் துளி நீலம் விழுந்தால் பழுப்பு வரும். தாள் துண்டில் பூசி, காயவிட்டு, கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கலக்க வேண்டும். வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை நிறம் வரும். வண்ணக் கலவைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

‘சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா’ என்று சொல்லிவிட்டுப் போவதும் சிக்கல்தான். ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்போடு நீலத்தைக் கலந்தால் அழுக்கான பழுப்புதான் வரும், பிள்ளை தன்மீது தவறு என்று நினைக்கும். கிரிம்சன் போன்ற, நீலச் சாயலுள்ள குளிர்ந்த சிவப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்தால் ஊதா தெளிவாக வரும். கலந்து பார்த்த பிறகே விதியைச் சொல்லுங்கள்.

வண்ணம் தனியாக வாழ்வதில்லை என்பதையும் காட்ட வேண்டும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ருலிடம், கறுப்பு நூல் சோபையில்லாமல் இருப்பதாகப் புகார் வந்தது. சாயத்தில் குறை எதுவும் இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வு 1839-இல் நூலாக வந்தது. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றை மஞ்சள் சார்ட்டிலும் மற்றதை நீலச் சார்ட்டிலும் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் என்று பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

வயதுக்கு முந்தித் திருத்துவது

ஏழெட்டு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும். மேலே ஒரு பட்டையாக வானம் இருக்கும், நடுவில் வெறும் தாள் இருக்கும். மேசைக்கு நான்கு காலும் தெரியும். வீட்டுச் சுவர் மறைக்காமல் உள்ளே பாட்டி படுத்திருப்பார். குழந்தை ஓவியத்தின் படிநிலைகளை 1940-களில் விரிவாக எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட் முதல் பலரும், இது குறையன்று, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்றே சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்குத் தெரிந்ததைப் பிள்ளை வரைகிறது. இந்த வயதில், தொலைவில் கோடுகள் ஒன்றுகூடுவதுபோல் தெரியும் மறைபுள்ளியும், தூரத்துப் பொருளைச் சிறிதாகக் காட்டும் தொலைநோக்கு விதியும் திணிப்பது வீண். பத்து, பதினொரு வயதில் ‘என் படம் நிஜம் மாதிரி இல்லையே’ என்று பிள்ளையே கேட்கும். அப்போது சொல்லிக்கொடுங்கள்.

அப்போதும் அதுவே ஒரே உண்மை என்று சொல்லிவிடாதீர்கள். மறைபுள்ளி விதிகள் பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் உருவானவை. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்துக்கு மறைபுள்ளி இல்லை. மீனும் யானையும் எருமையும் பூப்பறிப்பவரும் ஒரே பரப்பில் பரந்திருக்கிறார்கள், குளம் குளமாகவே இருக்கிறது.

தாளில் கைவைப்பது

பிள்ளையின் படத்தில் ஆசிரியர் தானே ஒரு கோடு போட்டுத் திருத்தினால், அந்த நொடியில் படம் பிள்ளையுடையது இல்லாமல் போகிறது. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு தாளில் காட்டுங்கள். ‘சூப்பர்’, ‘நல்லா இல்ல’ இரண்டுமே பயனற்ற சொற்கள். ‘கிளை மெலிந்துகொண்டே போவதைக் கவனித்திருக்கிறாய், தண்டின் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது?’ என்று கேட்டால் பிள்ளை மறுபடி மரத்தைப் பார்க்கும். முதல் பத்து நிமிடம் ரப்பரையும் ஸ்கேலையும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். தவறான கோடு தாளில் இருந்தால்தான் சரியான கோட்டை அதன் பக்கத்தில் போட முடியும்.

பரிசுப் போட்டிக்காக ஒரே படத்தை மாதக்கணக்கில் பழக்குவதும், தேர்வு நெருங்கியதும் ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுப்பதும் எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். விரித்துச் சொல்ல எதுவும் இல்லை, நிறுத்த வேண்டும்.

மதிப்பெண் தர வேண்டிய பள்ளிகளில், ஒரு படத்தை வைத்துத் தராதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டைக் கோப்பு கொடுங்கள், பழைய காலண்டர் அட்டையே போதும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி இருக்கட்டும். ஜூனில் வரைந்த கையையும் பிப்ரவரியில் வரைந்த கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கொடுங்கள்.