ஏற்காட்டுப் பழக்கத்தோடு துறைமுகத்துக்குப் போகாதீர்கள்: பழைய சரக்குக் கப்பல்களைப் படமெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் ஏற்காட்டில்தான் கேமரா பிடிக்கப் பழகுகிறோம். லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் ஊர், பகோடா பாயிண்ட் பாறைகள், ஏரிமேல் படரும் பனி என்று நம் பாடமெல்லாம் மலையில்தான். வெளிச்சம் சரியில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மலையேறலாம். பழைய சரக்குக் கப்பல்கள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. தளத்தின்மேல் கம்பங்கள் நட்டு, அவற்றில் சாய்வான தூக்கிகளைக் கட்டி, சாக்கும் பெட்டியும் மரமும் ஏற்றிய 1960, 70களின் கப்பல்கள் கண்டெய்னர் கப்பல்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்து லிபர்ட்டி கப்பல்களுக்கு மாற்றாக இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் உருவாகி, 1968 முதல் கடலுக்கு வந்த எஸ்டி14 வகையில் மட்டும் 200-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஆசியத் துறைமுகம் எதிலும் சர்வசாதாரணமாகக் கண்ணில் பட்ட அவற்றை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தலைமுறைக் கப்பல்கள் பெரும்பாலும் குஜராத்தின் அலங்கிலும் வங்கதேசத்தின் சட்டோகிராமிலும் பாகிஸ்தானின் கடானியிலும் கரையேற்றப்பட்டு, வெட்டப்பட்டு, பழைய இரும்பாகிவிட்டன.

ஆகவே இங்கே படம் என்பது அழகுக்கு மட்டும் அல்ல, ஆவணமும்கூட. இன்னும் இருபது ஆண்டு கழித்து ஒருவர் அதைப் பார்த்தால், இது எந்தக் கப்பல், எங்கே, எப்போது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருகின்றன.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு வெளிச்சத்தில். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. இறங்கியதும் நேராக மெரினாவுக்குப் போய், வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களை எடுக்கத் தோன்றும். சூரியோதயம் என்றாலே நல்ல வெளிச்சம் என்பது மலையில் கற்ற பாடம். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கப்பலுக்குப் பின்னால் எழுகிறது. உங்கள் பக்கம் இருக்கும் உடல் முழுவதும் நிழலில் கிடக்கும். கருப்பு உருவம் மட்டும் மிஞ்சும். சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கி, முதுகில் வெயில் படும் பிற்பகல் வரை பொறுத்திருப்பதே சரி. அதற்கு மனமில்லாதவர்கள் மேற்குக் கடற்கரைக்குப் போகலாம். கேரளம் செல்லும் இரவு ரயில்களில் சேலத்தில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். கொச்சித் துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே உள்ள கடல்வாய் வழியாகத்தான் நுழைய முடியும். கரையில் நிற்பவருக்கு அது வெகு அருகில். காலையில் உள்ளே வரும் கப்பலின் முகப்பு கிழக்கு நோக்கி இருப்பதால் வெயில் நேராக அதன்மேல் விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஃபோர்ட் கொச்சியைப் பார்த்த பக்கவாட்டிலும் ஒளி நன்றாகப் படும். ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே கரையில் நின்று அதே படத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தூரத்தை லென்ஸ் வென்றுவிடும் என்ற நம்பிக்கை அடுத்த தவறு. 400 எம்எம், 600 எம்எம் லென்ஸ் வாங்கிவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கப்பலின் பெயரைப் படித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நடுப்பகல் சூட்டில் காற்று அலைபாய்கிறது. லென்ஸ் அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கும். இதைச் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. சித்திரை மாத நண்பகலில் லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தின் கட்டடங்களை நீண்ட லென்ஸில் பாருங்கள். சுவர்களின் விளிம்புகள் நெளியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதிகாலையில் அதே இடத்தில் நின்றால் அதே கட்டடங்கள் கூர்மையாகத் தெரியும். கேமராவில் எந்த அமைப்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அதிகாலையில் போவது, மழைக்குப் பிறகு போவது, கப்பலுக்கு அருகே போவது ஆகிய மூன்றுதான் வழி.

அருகே போவதற்குப் படகுதான் எளிது. ஃபோர்ட் கொச்சி – வைப்பின் படகு, ஹாங்காங்கின் ஸ்டார் ஃபெரி, பினாங்கில் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் படகு ஆகிய மூன்றும் சாதாரண டிக்கெட்டில் துறைமுக நீரின் நடுவுக்கே அழைத்துப் போகும். இங்கே ட்ரைபாடை விரிப்பது மலைப் பழக்கத்தின் மிச்சம். படகின் இயந்திர அதிர்வு முழுவதும் அதன் கால்கள் வழியாகக் கேமராவுக்கு ஏறும். கையில் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, கம்பியில் சாயாமல் நின்று எடுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். நீண்ட லென்ஸ் என்றால் 1000-இல் ஒரு பங்கு.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை, முழுவதும் கேமராவிடம் விட்டுவிடுவதும் தவறு. பழைய கப்பல்களில் பல கருப்பு உடலும் வெள்ளை மேல்கட்டும் கொண்டவை. கருப்பு நிறையத் தெரிந்தால் கேமரா படத்தை வெளிறச் செய்யும். வெள்ளைக் கட்டுமானத்தின் சன்னல்களும் ஏணிகளும் வெளுத்து மறைந்துபோகும். அரை முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்தால் அவை பிழைக்கும். நிழலில் இருக்கும் கருப்பைப் பின்னால் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம்.

இனி, நான் மிகவும் வருந்தும் தவறு: பெயரையும் எண்ணையும் விட்டுவிடுவது. அழகான முகப்பை நெருக்கமாக எடுத்துவிட்டு, கம்பத்தின் உச்சியை வெட்டி, பின்புறத்தைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள். முழுப் பக்கவாட்டில் ஒன்று, முகப்போடு சேர்ந்த சாய்கோணத்தில் ஒன்று, பின்புறம் ஒன்று என மூன்று படங்களாவது வேண்டும். பின்புறத்தில்தான் பெயருக்குக் கீழே பதிவுத் துறைமுகம் எழுதியிருக்கும். புகைபோக்கியின் நிறமும் சின்னமும் கம்பெனியைச் சொல்லும்; அதையும் வெட்டாதீர்கள்.

பழைய கப்பல் பல கை மாறியிருக்கும், கை மாறும்போது பெயரும் மாறியிருக்கும். முந்தைய பெயரின் எழுத்துகளைத் தகட்டில் வெல்டிங் மேடாக வைத்திருந்தால், புதுப் பெயின்ட் பூசிய பிறகும் அவை அடியில் இருக்கும். சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் எத்தனை முறை துலக்கினாலும் தெரிவது போலத்தான். நேர் வெயிலில் அவை தெரியாது. ஒளி தகட்டை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து முகப்பின் மேற்பகுதியை நெருக்கமாக எடுத்துவையுங்கள். ஒரு கப்பலின் முந்தைய வாழ்க்கை முழுவதையும் கண்டுபிடிக்க அந்த ஒரு படம் போதும்.

பெயர் மாறினாலும் மாறாதது ஐஎம்ஓ எண், அதாவது சர்வதேச கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) திட்டப்படி கப்பலுக்குத் தரப்படும் அடையாள எண். ஏழு இலக்கம். 2004 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வெளிநாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் அதை வெளியே தெரியும்படி நிரந்தரமாகப் பொறித்திருக்க வேண்டும். பெரும்பாலும் பின்புறத்தில் பெயரை ஒட்டி இருக்கும். துருவில் ஓர் இலக்கம் மங்கியிருந்தால் ஊகித்து எழுதிவிடாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 சேர்ந்து 139. கடைசி இலக்கம் 9, சரி. எண் 7-இல் தொடங்கினால் கப்பல் பெரும்பாலும் 1970களைச் சேர்ந்தது, 8 என்றால் 1980களை ஒட்டியது. கப்பல் இருப்பிடம் காட்டும் செயலியில் தேடும்போது, இதை வைத்தே பழைய கப்பலை அடையாளம் கண்டு பயணத்தைத் திட்டமிடலாம். ஆனால் தூத்துக்குடியின் தோணிகளையும், ஜகார்த்தாவின் சுந்தா கெலாப்பாவில் வரிசையாக நிற்கும் பினிசி மரக்கப்பல்களையும் தேடிச் செயலியை நம்ப வேண்டாம். இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி பொருத்தாத சிறு கலங்கள் செயலியின் திரையில் வராது. அவற்றுக்குத் துறையில் நிற்பவர்களிடம் கேட்பதுதான் வழி.

கேட்காமல் எடுப்பது விளையாட்டல்ல. நம் நாட்டுப் பெருந்துறைமுகங்களுக்குள் அனுமதியின்றி நுழைவதும் படமெடுப்பதும் சட்டச் சிக்கல். 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் வரை போகக்கூடியது. மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் தடுத்தால் வாதம் வேண்டாம். கேமராவை இறக்கி, யார் என்று சொல்லி, நகர்ந்துவிடுங்கள். கடற்படைக் கப்பல் எதேச்சையாகப் படத்துக்குள் வந்தாலும் அழித்துவிடுவது நல்லது. ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டே கிளம்புங்கள். தளத்தில் வேலை செய்யும் மாலுமியின் முகம் தெளிவாகத் தெரியும் என்றால் கையசைத்துச் சம்மதம் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு நின்று தருவார்கள்.

சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற நெரிசலான துறைமுகங்களில் நீண்ட லென்ஸ் முன்னே இருப்பதையும் பின்னே இருப்பதையும் ஒட்டவைத்துவிடும். கப்பலின் கம்பம் கரையின் கிரேனோடு கலந்துபோகும். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு நிமிடம் பொறுத்தால் இரண்டும் விலகும். பின்னால் கணினியில் கிரேனை அழிப்பது, துருவின் நிறத்தைச் செம்பருத்தியாக ஏற்றுவது இரண்டுமே ஆவணத்தைக் கெடுப்பவை. துரு எந்த நிறமோ அந்த நிறமாகவே இருக்கட்டும்.

குளிர்சாதன அறையிலிருந்து கொச்சியின் ஈரக்காற்றுக்கு வந்தவுடன் லென்ஸில் நீர் கோக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்கவும். உப்புக் காற்றில் நின்ற கேமராவை அன்றிரவே சற்று ஈரமான துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றவும். வெளிநாடு போனால் கேமராவின் கடிகாரத்தை மாற்றுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. வீடு வந்ததும் கப்பலின் பெயர், முந்தைய பெயர், ஐஎம்ஓ எண், இடம், தேதி ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டு, அதன் பிறகு நண்பர்களுக்கு அனுப்புங்கள்.