கார்ட்லெஸ் போன்: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய தெருவில் எங்கள் ஆச்சி வீடு. தெருவாசலில் நின்று கூப்பிட்டால் அடுக்களையில் இருப்பவர்களுக்குக் கேட்காது, அவ்வளவு நீளம். முன்கூடமான தார்சாவில் இருந்த பழைய போன் மணி அடித்தால், ஆச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு புறவாசலிலிருந்து வந்து சேர்வதற்குள் நின்றுவிடும். அதற்காகத்தான் ஒயர் இல்லாமல் கையோடு கொண்டுபோகிற கார்ட்லெஸ் வாங்கி வைத்தோம்.

வாங்கின வருடம் ஆனித் தேரோட்டத்தன்று, தேர் வருகிறது என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து சித்தி கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்து தடவை. மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. பதறிப்போய் எனக்குச் சொல்ல, நான் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போய்ப் பார்த்தால், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து தேருக்குக் காத்திருக்கிறாள். ஹேண்ட்செட் மடியில் இருக்கிறது. "ஒருத்தரும் கூப்பிடலியே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான், மணி அடிக்கவே இல்லை. நாம் கையில் வைத்திருப்பது வெறும் காதும் வாயும். உண்மையில் போன் என்பது சுவரோரம் இருக்கிற பேஸ் என்கிற பெட்டி. லைன் வந்து சேர்வது அதில்தான், அது உயிரோடு இருப்பது அடாப்டர் வழியாக வரும் கரண்டில். பழைய வயர் போனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் அளவில் மின்சாரம் வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் அது அடிக்கும். கார்ட்லெஸ்ஸில் கரண்டு போய்விட்டால், ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, பேஸைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆனால் கூப்பிடுகிறவர் காதில் மட்டும் மணி போகிற சத்தம் கேட்கும், ஏனென்றால் லைனில் ஒரு குறையும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய கலக்கத்தை உண்டாக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எனவே முதல் தவறு, பேஸை எந்த பிளக்கில் சொருகுகிறோம் என்று பார்க்காமல் வைப்பது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக்கில்தான் பேஸ் இருக்க வேண்டும். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடும், பிளக் எல்லாம் நேர் கரண்டில் இருக்கும். மெயினை ஒரு நிமிடம் அணைத்து, பேஸில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீடா? பழைய வயர் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கிற சின்ன சாக்கெட் கடையில் கிடைக்கும். அதில் ஒரு பக்கம் கார்ட்லெஸ், மறுபக்கம் வயர் போன். ஒன்று ஊமையானாலும் மற்றது அடிக்கும்.

ஃபைபர் இணைப்புக்கு மாறிய வீடுகளில் இன்னொரு படி கூடுதல். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. போன் லைன் இப்போது ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கும் போன் துளையிலிருந்து வருகிறது. மோடத்துக்குக் கரண்டு இல்லை என்றால் வயர் போனும் சேர்ந்து ஊமையாகிவிடும். மோடம், பேஸ் இரண்டுமே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். பேஸை மட்டும் மாற்றிவிட்டு மோடத்தை மறந்த வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கிற செட். பாளையங்கோட்டையில் தெருவுக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளாவது வெளிநாட்டில் இருப்பதால் இது சாதாரணமாக நடக்கிறது. பெட்டியில் 'டெக்ட் 6.0' (கார்ட்லெஸ் ரேடியோ முறையின் அமெரிக்க வகை) என்று போட்டிருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். அந்த செட் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் பேசுகிறது. அமெரிக்காவில் அது கார்ட்லெஸ்ஸுக்கு ஒதுக்கியது. இங்கே அதே இடம் செல்போன்கள் டவரோடு பேசுவதற்கு உள்ளது. உங்கள் வீட்டு செட் டவருக்குத் தொந்தரவு கொடுத்து, சுற்றியிருக்கிறவர்கள் செல்போனைப் பாதிக்கலாம். அதனால் இந்தியாவில் அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. போதாததற்கு அதன் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது, நம் 230 வோல்ட்டில் சொருகினால் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கிற பெட்டி வாங்கி மாட்டினால் அடாப்டர் பிழைக்கும், அலைவரிசை மாறாது. பிள்ளை மனது நோகுமே என்று தயங்க வேண்டாம், விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐரோப்பாவில் உள்ள டெக்ட் செட்டுகள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை, அது வேறு வகை. எப்படியானாலும் இங்கே விற்கிற செட்டை இங்கேயே வாங்குவதுதான் நல்லது.

சரி, பேட்டரிக்கு வருவோம். நான் போய்ப் பார்த்த 'ரிப்பேர்' செட்டுகளில் முக்கால்வாசி பேட்டரிக் கோளாறுதான்.

ஹேண்ட்செட்டின் முதுகைத் திறந்தால் பெரும்பாலும் டிவி ரிமோட்டில் போடுகிற அதே அளவில் இரண்டு பொடி பேட்டரி இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருப்பதால், தீர்ந்துபோனதும் தெருமுனைக் கடையில் ரிமோட் பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக வேலை செய்யும். ஆனால் ரிமோட் பேட்டரி 1.5 வோல்ட், ஒரு தடவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஹேண்ட்செட்டைத் தொட்டிலில், அதாவது சார்ஜுக்காக அதை வைக்கிற குழியில், வைத்ததும் பேஸ் அதற்குள் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். ஏறாது, சூடாகும், கசியும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா வீட்டு செட்டைத் திறந்தபோது, ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினால் கம்பியே கையோடு வந்துவிட்டது. நல்ல செட், நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வீணானது. கேட்டு வாங்க வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. மேலே 1.2 வோல்ட் என்றும், ரீசார்ஜபிள் என்றும் அச்சடித்திருக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று போட்டால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

புது பேட்டரி போட்ட அன்றே பேசத் தொடங்குவதும் தவறு. தொட்டிலில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் முழுக்கட்டம் காட்டலாம், அதை நம்பக் கூடாது. செட்டைப் பொறுத்து ஏழு மணி நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம் வரை கேட்கும். கூடவே வருகிற சின்னப் புத்தகத்தில் எத்தனை மணி என்று இருக்கும். சாயங்காலம் வைத்தால் மறுநாள் காலை எடுங்கள்.

உவரி, இடிந்தகரை மாதிரி கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று தொட்டிலில் இருக்கிற உலோக முனைகளைப் பிடித்துவிடும். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று இருக்கிறதே, அது புழுதியைக் கொண்டுவந்து அதே இடத்தில் அப்பும். ஹேண்ட்செட் தொட்டிலில் உட்கார்ந்தே இருக்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால், அடாப்டரைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அழிரப்பரால் அந்த முனைகளை லேசாகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

இடம் பார்த்து வைப்பதில் நம் ஊர் வீடுகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. பெட்டியில் வெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த 50 மீட்டர் நம் சுவர்களைப் பார்த்துச் சொன்னது இல்லை. பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனத்தில் சுவர், அதைத் தாண்டி இன்னொரு சுவர், மேலே மச்சு. போன் லைன் வந்து இறங்குவது தெருவாசல் பக்கம் என்பதால் பேஸையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் புறவாசல் கிணற்றடிக்குப் போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது, மொட்டைமாடித் தட்டட்டிக்கு ஏறினால் அறுந்தே போகிறது. பத்து மீட்டர் போன் ஒயர் வாங்கி, சுவரோரமாக இழுத்து, பேஸை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி இவற்றுக்கு அருகில் வேண்டாம். உலோகம் அலையைத் தடுக்கும். டிவி, வைஃபை மோடம் ஆகியவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருந்தால் நல்லது. ஜன்னல் வெயில் படுகிற இடமும் ஆகாது, நம் ஊர் சித்திரை வெயிலில் பேட்டரி சீக்கிரம் கெடும்.

தரையில் வைப்பதை நான் முற்றிலும் எதிர்ப்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி வந்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் போன் வேண்டும். முதலில் நனைகிற இடத்தில் மோடத்தையும் பேஸையும் வைத்திருந்தால் எப்படி?

இடியும் அப்படித்தான். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இல்லை, சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் நமக்கு இடி பலமாக இருக்கும். செம்புக் கம்பி லைன் என்றால் மின்னலின் மின்சாரம் கம்பி வழியாக வந்து பேஸைக் கருக்கிவிடும். நிறையப் பேர் அடாப்டரை மட்டும் பிடுங்கிவிட்டு, லைன் ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கழற்ற வேண்டும், அதுவும் வானம் கறுக்கும்போதே. இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள். மழை விட்டதும் திரும்பச் சொருக மறந்து, மூன்று நாள் கழித்து "லைன் செத்துப்போச்சு" என்று புகார் கொடுப்பதும் நடக்கிறது.

எண்களைப் பதிவு செய்வதில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட முன்னால் பூஜ்யம் போட வேண்டும். அதற்கு முன்பு பதிந்து வைத்த பத்து இலக்க எண்கள் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. பெரியவர்கள் பெயரைப் பார்த்து அமுக்குகிறார்கள், போகவில்லை என்றதும் பிள்ளை போனை எடுக்கவில்லை என்று மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து எல்லா செல் எண்ணுக்கும் பூஜ்யம் சேர்த்துவிடுங்கள். வந்த அழைப்புகளின் பட்டியலில் சில லைன்களில் பூஜ்யம் இல்லாமலே எண் விழும், அதையே திருப்பி அமுக்கினாலும் போகாது. உள்ளூர் லேண்ட்லைனுக்கு நம் திருநெல்வேலிக் குறியீடு 0462 வேண்டியதில்லை, ஆனால் அம்பாசமுத்திரம் 04634, வள்ளியூர் 04637 என்று வெளியூர் எண்களுக்குக் குறியீட்டோடு பதியுங்கள். 108 ஆம்புலன்ஸை ஒரே பட்டனில் போகும்படி வைத்துவிடுங்கள்.

லைனில் கொரகொர என்று சத்தம் வந்தால் உடனே புது செட் வாங்க ஓட வேண்டாம். பழைய வயர் போனை நேராக லைனில் மாட்டிக் கேளுங்கள். அதிலும் கொரகொரத்தால் கோளாறு லைனில், லைன்மேன் வர வேண்டியதுதான். அதில் சுத்தமாகக் கேட்டால் பேஸைப் பாருங்கள். பழைய பிராட்பேண்ட் வரும் செம்பு லைனாக இருந்தால், போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் பெட்டியின் போன் துளையில்தான் பேஸ் மாட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வங்கிக்குக் கூப்பிட்டு 'ஒன்றை அழுத்தவும்' என்றதும் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா? செட் எண்ணைத் துடிப்புகளாக அனுப்புகிற பல்ஸில் இருக்கும், ஒலியாக அனுப்புகிற டோனுக்கு மாற்றுங்கள். அடாப்டரை மட்டும் தயவுசெய்து மாற்றிப் போடாதீர்கள். மோடத்து அடாப்டர் முனை பேஸில் அழகாகப் பொருந்தும், ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், பேஸ் கேட்பது ஏறக்குறைய அதில் பாதி. ஒவ்வொரு அடாப்டரிலும் எதற்கானது என்று பேனாவால் எழுதி ஒட்டிவைப்பது ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, சொல்லிக்கொடுக்காமல் கிளம்புவது. செட்டை மாட்டி, நாம் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். வயர் போனில் எடுத்தால் பேசலாம், வைத்தால் முடிந்தது. இதில் எடுக்க ஒரு பட்டன், வைக்க ஒரு பட்டன். ஆச்சி பேசி முடித்ததும் செட்டை அப்படியே கட்டிலில் வைத்துவிடுவாள், லைன் திறந்தே கிடக்கும், அன்று முழுக்க எல்லோருக்கும் எங்கேஜ்டு. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், உதவவில்லை. கண் மங்கல், கண்ணாடியைத் தேடுவதற்குள் மணி நின்றுவிடும். பிறகு மைனிதான் ஒரு யோசனை சொன்னாள். முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, பச்சைப் பட்டன் மேல் ஒட்டினாள். சிவப்பை அப்படியே விட்டாள். "பொட்டு இருந்தா பேசணும், வழுவழுன்னு இருந்தா வைக்கணும், என்ன?" என்று ஆச்சி விரலைப் பிடித்து இரண்டையும் தடவிக் காட்டினாள். நான் தெருவில் நின்று என் செல்லிலிருந்து ஐந்து தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து ஆச்சி பார்க்காமலேயே எடுத்தாள். பொட்டு உதிர்ந்தால் ஒட்டுவதற்கு ஓர் அட்டை பேஸுக்கு அடியில் இருக்கிறது.